எல்லைகள் மாறின, இல்லங்கள் மாறுமா?

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனை நோக்கிச் செல்லும் வீதியில், கித்துல்கலையைக் கடந்ததும் பஸ் வண்டி பெருமூச்செறிந்துகொண்டு மலையேறத் தொடங்குகிறது. ஒருபுறம் அதலபாதாளமான பள்ளத்தாக்கு. மறுபுறம் நீர் கசியும் பாறைச்சுவர். வளைந்து வளைந்து ஏறிய வண்டி சற்றே இளைப்பாறுவதுபோல் நிற்கும் இடத்தில் ஒரு சிறு நகரம். அதுவே கினிகத்தேனை.

பெயரைக் கேட்ட தமிழர் இதில் 'தேன்' இருப்பதாக எண்ணக்கூடும். உண்மையில் இது சிங்களப் பெயர். 'தீப்பற்றிய சேனை' என்பது அதன் பொருள். ஆனால் நெருப்பின் பெயரைச் சூடிய இவ்வூர்தான் இலங்கையிலேயே மழைக்குப் பேர்போன பிரதேசத்தில் அமைந்திருக்கிறது. இங்கும், அண்மையிலுள்ள வட்டவளையிலும் ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது. குடையின்றி வீட்டைவிட்டுப் புறப்படுவோர் இங்கே அரியர்! கினிகத்தேனைக் கணவாயின் ஒருபுறம் விழும் துளி களனி கங்கையோடு மேற்கே செல்கிறது. மறுபுறம் விழுவது மகாவலியோடு கூடிக் கிழக்குக் கடலைத் தேடிப் போகிறது. ஆகவே இயற்கையே எல்லை வகுத்த ஊர் இது என்றால் மிகையாகாது.

ஆனால் நாம் இங்கு எழுதப் புகுந்தது இயற்கை வகுத்த எல்லையைப் பற்றியன்று. மனிதர் வகுத்த எல்லைகளைப் பற்றி. அம்பகமுவைப் பிரதேச செயலகம் இந்நகரிலேதான் இருக்கிறது. அட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை எனப் பரந்து கிடக்கும் தேயிலைப் பிரதேசம் முழுவதும் நீண்ட காலமாக இந்த ஒரே அலுவலகத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இப்பிரிவில் வாழ்ந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இரண்டு இலட்சம் பேருக்கு ஓர் அலுவலகம்!

ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள்

பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் தாயொருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்கவேண்டும். பிறப்புப் பதிவிலே பெயர் ஒருவிதமாகவும், பாடசாலைப் பதிவிலே வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தாமல் பரீட்சை எழுத முடியாது. என்ன செய்வது? கினிகத்தேனைக்குத்தான் போகவேண்டும்.

விடியுமுன் எழுந்து, லயத்திலிருந்து வீதிவரை மலைப்பாதையில் இறங்கவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து அட்டனுக்கு வந்து, அங்கிருந்து மற்றொரு பஸ். போகும் வழி மட்டும் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர்; அதுவும் மலைவழி. அலுவலகத்தை அடையும்போது வரிசை நீண்டுவிடும். 'இந்தக் கடிதம் போதாது. தோட்டத்திலிருந்து இன்னொன்று வாங்கி வாருங்கள்' என்று ஒரு சொல் சொல்லப்பட்டால், வந்த வழியே திரும்பவேண்டியதுதான். மறுமுறையும் அதே பயணம், அதே செலவு.

செலவு பஸ் கட்டணத்தோடு முடிந்தால் பாதகமில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் நிற்காதவளுக்கு அன்றைய 'பேர்' இல்லை. பேர் இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. நகரத்தில் மாதச் சம்பளம் பெறுவோர் அரைநாள் லீவில் முடித்துக்கொள்ளும் காரியம், நாட்கூலி பெறுபவளுக்கு ஒரு நாள் உணவின் விலையாகிவிடுகிறது. இரண்டாம் முறை போகவேண்டி வந்தால் இரண்டு நாள் உணவு. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பத்திரங்கள் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமலே கிடப்பதற்குக் காரணம் அறியாமை என்று கூறிவிடுவது எளிது. தூரமும் கூலியும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பதே எமது கருத்து.

இதிலே அலுவலகத்தில் இருப்பவரைக் குறைகூறிப் பயனில்லை. சில ஆயிரம் பேருக்குச் செய்யத்தக்க வேலையை இலட்சக்கணக்கானோருக்குச் செய்யுமாறு அவர்கள் பணிக்கப்பட்டிருந்தார்கள். குறை மனிதரிடத்தில் அன்று, வரைபடத்தில் இருந்தது.

கோடு கிழித்த வரலாறு

அம்பகமுவை பழம்பெருமை வாய்ந்த பெயர். பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியிலே ஆட்சி புரிந்த முதலாம் விஜயபாகு மன்னன், சிவனொளிபாதமலை யாத்திரிகருக்காகச் செய்த அறக்கொடைகளைக் கூறும் கல்வெட்டு இந்த அம்பகமுவையிலேதான் இருக்கிறது. வழிப்போக்கரின் பசியை எண்ணிப் பார்த்த அரசன் ஒருவன் இந்த மலைவழியிலே தன் கட்டளையைக் கல்லிலே பொறித்தான்.

அதற்குப் பல நூற்றாண்டுகளின் பின் கோப்பியும், கோப்பி அழிந்தபின் தேயிலையும் வந்தன. 1884ஆம் ஆண்டில் புகையிரதம் அட்டனை எட்டியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் காட்டை அழித்துத் தோட்டமாக்கினர். அப்போது புதியதோர் எல்லைக்கோடு பிறந்தது. அதுதான் தோட்ட எல்லை. அதற்கு வெளியே கிராமம், உள்ளே தோட்டம். வெளியே கிராமச் சபையும் அரசாங்கமும். உள்ளே துரையும் கங்காணியும். பாதை, குடிநீர், குடியிருப்பு, வைத்தியம் யாவும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு என்று ஆயிற்று.

1937ஆம் ஆண்டில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பின்னர் தீர்ப்போம் என்று! எஞ்சியிருந்தோரின் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெருமளவில் தீர்ந்தது.

பிரஜாவுரிமை கிடைத்தபின்னரும் தோட்ட எல்லை அழியவில்லை. 1987ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைத் தாராளமாகச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம். சபைக்கு அங்கத்தவராகவும் வரலாம். ஆனால் அந்தச் சபை அவருடைய லயத்துக்குச் செல்லும் பாதைக்குத் தடையின்றிக் கல் போட இயலாது! வாக்கு மட்டும் எல்லை தாண்டிச் சென்றது. வாக்கின் பயன் எல்லையிலேயே நின்றுவிட்டது. 2018ஆம் ஆண்டிலேதான் இச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையொன்றும் சட்டத்தால் நிறுவப்பட்டது.

ஐந்து பத்தான கதை

அந்த ஆண்டே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. நுவரெலியா, அம்பகமுவை என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. அம்பகமுவையிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும், நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாயின. 2018 பெப்ரவரி 10ஆம் தேதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் மக்கள் இப்புதிய சபைகளுக்கு முதன்முறையாக வாக்களித்தனர்.

பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு என்பதை வாசகர் அறிவர். முன்னது மக்கள் தேர்ந்தெடுப்பது. வீதி, விளக்கு, சந்தை, துப்புரவு ஆகியவற்றைப் பார்ப்பது. பின்னது மத்திய அரசின் கரம். காணி, பதிவு, அடையாள அட்டை, நிவாரணம் ஆகியவற்றைக் கவனிப்பது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரதேச செயலாளருக்குப் பல அதிகாரங்கள் மாற்றப்பட்டபின், சாதாரணக் குடும்பமொன்றின் பிறப்பு முதல் இறப்பு வரை அவருடைய அலுவலகமே வாசற்படியாயிற்று.

இந்த வாசற்படிகள் எப்படிப் பங்கிடப்பட்டிருந்தன? 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 5,83,000. அங்கே பிரதேச செயலகப் பிரிவுகள் 15. நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 7,11,000. இங்கே பிரிவுகள் வெறும் ஐந்து! யாழ்ப்பாணத்தில் சராசரியாக முப்பத்தொன்பதினாயிரம் பேருக்கு ஓர் அலுவலகம் என்றால், மலைநாட்டில் ஒரு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரம் பேருக்கு ஒன்று. யாழ்ப்பாணத்தாருக்கு அதிகம் கிடைத்துவிட்டது என்று நாம் கூறவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது நியாயமான அளவு. மலைநாட்டாருக்குக் கிடைத்தது அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை என்பதையே சுட்டுகிறோம். மேலும், யாழ்ப்பாணம் சமதரை, சைக்கிளிலே போய்வரலாம். மலையிலோ ஒரு கூப்பிடு தூரமும் ஒரு மணி நேர நடையாகும்.

இக்குறையைத் தீர்க்கும்பொருட்டு ஐந்து பிரிவுகளைப் பத்தாக்கும் அறிவித்தல் 2019 ஒக்டோபரில் வெளிவந்தது. நோர்வூட், தலவாக்கலை, கொத்மலை மேற்கு, மத்துரட்டை, நில்தண்டாஹின்ன என்பன புதிய பெயர்கள். ஆனால் வர்த்தமானியில் அச்சான எழுத்து அலுவலகமாக உருப்பெறுவதற்கு அதன் பின்னும் காலம் சென்றது. 'ஆனை வாங்கியவன் அங்குசம் வாங்கக் காசில்லை என்றானாம்' என்பது பழமொழி. பெயர்ப்பலகை ஒரு நாளில் எழுந்துவிடும். காணிப் பிரிவும் பதிவேடுகளும், தமிழிலும் சிங்களத்திலும் கடமையாற்றவல்ல உத்தியோகத்தரும் ஒரு நாளில் வந்துவிடுவரோ? அவை யாவும் நிறைவாக அமைந்தபோதே ஒரு பிரிவு முழுமையாகப் பிறந்தது எனலாம். இல்லையேல் நோர்வூட்டில் படிவம் வாங்கி, கையெழுத்துக்காக மீண்டும் கினிகத்தேனைக்கு ஏறும் நிலையே மிஞ்சும்.

பிரிவினையைக் கண்டு ஐயுறுவோரும் இல்லாமற் போகார். எல்லை பிரித்தால் இனம் பிரியுமோ என்று சிலர் அஞ்சக்கூடும். அலுவலகத்துக்கு வருவோர் குறைந்தால் வியாபாரம் குறையுமே என்று கடைக்காரர் கவலைப்படக்கூடும். இவ்வச்சங்களை ஏளனம் செய்தல் தகாது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கினிகத்தேனையைச் சூழ்ந்த சிங்களக் கிராமத்தவரும் அதே நீண்ட வரிசையிலேதான் இத்தனை காலமும் நின்றார்கள். வரிசை குறுகினால் நன்மை இருசாராருக்குமே. ஏழை நாட்கூலிக்காரியின் வீண் பயணத்திலே பிழைக்கும் வியாபாரத்தைவிட, அவளுடைய மிச்சப்பட்ட கூலியிலே பிழைக்கும் வியாபாரம் மேலானதன்றோ!

மலை வரையும் கோடு

அரசாங்கம் கோடு கிழிப்பதுபோல் மலையும் ஒரு கோடு கிழிக்கிறது. அதை அழிக்க எந்த வர்த்தமானியாலும் இயலாது.

1990ஆம் ஆண்டளவில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமே. எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று கூறும் வரைபடங்கள் அவை. இன்று மலைநாட்டில் புதிய கட்டடம் எழுப்ப அந்நிறுவனத்தின் சிபாரிசு தேவைப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அக்கோட்டுக்கு உள்ளே ஏற்கெனவே எழும்பி நிற்கும் லயங்களை என்ன செய்வது? சரிவான மலையிலே, தேயிலைக்கு உதவாத மூலையிலே, நூறாண்டுகளுக்கு முன்னர் கட்டப்பட்டவை அவற்றுட் பல. அங்கே குடியிருப்போர் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர், வைக்கப்பட்டவர்.

2014 ஒக்டோபர் 29ஆம் தேதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின்மீதே மலை சரிந்து விழுந்ததை நாடு மறந்திருக்காது. 2019 ஜூலையில் கினிகத்தேனை நகரிலேயே பிரதான வீதியோரக் கடைகள் மண்ணோடு சரிந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளிலேதான் பேரழிவு நேர்ந்தது. கடையானாலும் லயமானாலும் மலைக்கு வேற்றுமை இல்லை. வேற்றுமை பின்னர்தான் தோன்றுகிறது. சொந்தக் காணி இழந்தவரிடம் காட்டுவதற்கு உறுதி இருக்கிறது; லயத்தை இழந்தவரிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அபிவிருத்தியின்பொருட்டு இடம்பெயர்வது இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. பொறியியலாளர் விமலசுரேந்திரா கண்ட கனவின்படி 1950இல் லக்ஷபானையில் மின்சாரம் பிறந்தது. 1960களின் பிற்பகுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கிற்று. மேட்டு நிலத்தில் புதிய நகரம் எழுந்தது. கடும் வரட்சியிலே நீர் வற்றுங்கால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் தலைகாட்டுகின்றன. இந்த மலைகளிலே பிறந்த மின்சாரம் கொழும்பு மாநகரை ஒளிமயமாக்கியபோது, அருகிலிருந்த லயங்கள் பல தசாப்தங்களாக மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கிலேயே காலம் கழித்தன. விளக்கின் அடியிலே இருள் என்பார்களே, அது இதுதான் போலும்!

ஏழு பேர்ச்சின் பெருமை

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவிலே பெற்றோரும் பிள்ளைகளும் மணமான மகனும் மருமகளும் ஒருங்கே வாழும் நிலையை அறிந்தவர்க்கு அவ்வாக்கின் அருமை விளங்கும். அண்மைக்காலத்தில் தோட்டப் புறங்களில் அமைக்கப்பட்ட தனிவீடுகளுக்கு ஏழு பேர்ச் காணி என்பது வழக்காகியிருந்தது. ஒரு பேர்ச் 272¼ சதுரஅடி. ஆகவே ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,900 சதுரஅடி. வீடும், முற்றமும், நாலு மிளகாய்ச் செடியும், ஒரு கறிவேப்பிலை மரமும் கொள்ளும். இந்திய அரசின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே 12ஆம் தேதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, மேலும் 10,000 வீடுகள் அமைக்க உதவுவதாக அறிவித்தார்.

வீட்டைவிட முக்கியமானது அதன்கீழுள்ள மண். 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது; பின்னர் 53 ஆண்டுக் குத்தகையும் வழங்கப்பட்டது. ஆகவே நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பமும் பிறர் மண்ணில் இருக்கும் குடியாகவே கருதப்படுகிறது. காணிக்கு உறுதி இல்லாவிடில் வங்கியில் கடன் இல்லை. சொந்தச் செலவில் ஓர் அறை கட்டவும் அனுமதி கேட்டு நிற்கவேண்டும்.

உறுதி இல்லாத இடத்துக்கு முகவரியும் இருப்பதில்லை. லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறியே உரியவரை அடையும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு, நேர்முகப் பரீட்சை முடிந்தபின் கைக்கு வந்தால் அந்த இளைஞனின் நெஞ்சம் என்ன பாடுபடும்! பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அட்டனில் பெயர்பெற்ற பாடசாலைகள் இருக்கின்றன. லயத்துப் பிள்ளைகள் அங்கே பயின்று ஆசிரியராகின்றனர். படிப்பு எல்லைகளைத் தாண்டிவிட்டது. கடிதம் தாண்டவில்லை என்றால் எத்துணை வேதனை!

இனிச் செய்யத்தக்கவை

சபைகளைப் பிரித்ததும் செயலகங்களைப் பெருக்கியதும் நல்ல தொடக்கம். ஆயினும் வெளிக்கோடுகளை எத்தனை முறை மாற்றினாலும், உள்ளே கிடக்கும் பழைய தோட்டக்கோடு அழியாதவரை குடும்பத்தின் நிலை மாறாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

ஆகவே முதலாவதாக, புதிய செயலகங்கள் ஒவ்வொன்றுக்கும் காணி, பதிவு உட்பட முழு அதிகாரமும், இருமொழி அறிந்த உத்தியோகத்தரும் வேண்டும். இரண்டாவதாக, மாதத்தில் ஒரு நாளேனும் உத்தியோகத்தர் தோட்டத்துக்கே வந்து அலுவல் பார்க்கும் ஏற்பாடு நிலையாக வேண்டும். ஒருவர் மலையேறி வந்தால் நூறு பேருக்குக் கூலி மிஞ்சும். மூன்றாவதாக, ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும், ஒவ்வொரு பாதைக்கும் பெயரும் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நான்காவதாக, அபாய வலய வரைபடத்தையும் வீட்டுத் திட்டத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கவேண்டும். எந்த லயம் முதலில் சரியக்கூடுமோ அந்த லயத்துக்கே முதல் வீடு. ஐந்தாவதாக, அவ்வீட்டுக்கு உறுதி. அதிலே இல்லத்தரசியின் பெயரும் இருக்கவேண்டும். கூலியில் பாதிக்கு மேல் உழைப்பவள் அவளாயிருக்கக் காணி மட்டும் ஆணின் பெயரில் இருப்பது நீதியாகாது.

இந்நாட்டுத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயருண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டி உலகின் எந்த மூலைக்குச் சென்றாலும் புறப்பட்ட இடம் தெரியும். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைக்குரியவளின் வீட்டு வாசலிலும் ஓர் இலக்கம் பொறிக்கப்படட்டும். அவளுக்கு வரும் கடிதத்தைத் தபாற்காரர் அவள் கையிலேயே கொடுக்கட்டும். அன்றே அம்பகமுவையின் எல்லை ஒழுங்காக வகுக்கப்பட்டது என்று நாம் கொள்வோம்.